அக்கா பேரில்

பிப்ரவரி 9

தம்பி என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று காலை தபால்காரர் ஒரு பதிவுத் தபாலோடு வந்தார். அவருடைய சீருடை இரண்டும் நம் கடையில்தான் வெளுக்கின்றன. ஆள் இல்லை என்று உள்ளே ஒளிந்துகொள்ளவா முடியும்? பக்கத்துக் கடைச் சாவிக்காரர் எட்டிப் பார்த்து, "வாங்காதீங்கக்கா, வாங்கினாத்தான் வம்பு" என்றார். நான் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன். கையெழுத்துப் போடுவதுதான் எனக்குக் கைவந்த கலையாயிற்றே.

உள்ளே வக்கீல் நோட்டீஸ். நீ கடன் வாங்கிய கம்பெனி அந்தக் கடனை வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டதாம். கடனைக்கூட விற்பார்களா? பழைய பாத்திரத்தை எடைக்குப் போடுகிற மாதிரி போட்டிருக்கிறார்கள். எடுத்தவனிடம் உன் முகவரி இல்லையாம், அதனால் ஜாமீன் போட்ட நான் முப்பது நாளில் பணம் கட்டவேண்டும், இல்லையென்றால் கோர்ட். நீ வாங்கியது ஒரு பங்கு என்றால் இவன் கேட்பது மூன்று பங்கு. வட்டி, வட்டிக்கு வட்டி, அப்புறம் வசூல் செலவு. என்னிடம் வசூல் பண்ண ஆகிற செலவையும் நானே கொடுக்கவேண்டுமாம்!

உனக்கு மறந்திருக்கும், ஞாபகப்படுத்துகிறேன். அந்த ஊருக்கு வேலைக்குப் போக ஏஜெண்டுக்குக் கட்டப் பணம் வேண்டும் என்று வந்து நின்றாய். ஜாமீன் கையெழுத்து நான் போட்டேன். கடையின் ஸ்டீம் பிரஸ் மெஷினை ஈடாக எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நாள் ஒழுங்காகக் கட்டினாய். அப்புறம் நிறுத்தினாய். நிறுத்தினதை என்னிடம் சொல்லவில்லை. கடை நிறையக் கூட்டம் இருந்த ஒரு சனிக்கிழமை இரண்டு தடியன்கள் வந்து, "துணி வெளுக்கத் தெரியுது, வாங்கின கடனைக் கட்டத் தெரியலையா" என்று சத்தம் போட்டார்கள். டீச்சரம்மா தன் புடவையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். அன்றைக்கு என் மானம் கப்பலேறிற்று. அன்றைக்குத்தான் உன் குரலை இனிக் கேட்கமாட்டேன் என்று போனை வைத்தேன். அது அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

மெஷினை ஜப்தி பண்ணிக்கொண்டு போனால் லாட்ஜ் படுக்கை விரிப்புகளைக் கையால் தேய்க்க முடியாது. லாட்ஜ் போனால் கடை போயிற்று. கடை போனால் நான் எங்கே போவேன்?

மனுஷனாக இருந்தால் ஏதாவது செய். போன் மட்டும் செய்யாதே.

உன் அக்கா என்று கையெழுத்துப் போட்டதால்தான் இந்தக் கதி. அதனால் இங்கே போடவில்லை.

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நாலு வருஷத்துக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்த்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை திட்டு. இருந்தாலும் சாப்பாட்டு இடைவேளையில் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன். பக்கத்தில் இருந்தவன், "என்னப்பா, காதல் கடிதமா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் வேலை செய்யும் இடம் ஒரு குளிர்பதனக் கிடங்கு. உறைந்த பெட்டிகளை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குத் தள்ளுவதுதான் வேலை. ஏஜெண்ட் சொன்ன சம்பளத்தில் பாதிதான் வந்தது. அதை உனக்கு எழுத வெட்கம். பிறகு ஒரு நாள் கையுறை கிழிந்திருந்ததைக் கவனிக்கவில்லை. வலது கையில் இரண்டு விரல் இனி சரியாக மடங்காது. மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் அறையிலேயே கிடந்தேன். அப்போதுதான் தவணை நின்றது. அனுதாபத்துக்கு எழுதவில்லை. எழுத்து ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று நீ கேட்பாய், அதற்காகத்தான்.

இப்போது பரவாயில்லை. ஆகஸ்டில் ஒப்பந்தம் புதுப்பிக்கிறார்கள். புதுப்பித்தால் மேற்பார்வை வேலை, உள்ளே போகவேண்டாம், கண்ணாடி அறையில் உட்கார்ந்து எண்ணினால் போதும். ஒரே ஒரு நிபந்தனை, ஆள் மேல் எந்த ஊரிலும் கோர்ட் வழக்கு இருக்கக் கூடாது. கடன்காரனைச் சரக்குப் பக்கத்தில் விடமாட்டார்களாம். நான் என்ன உறைந்த மீனைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டா போவேன்?

நீ ஏதாவது செய் என்று எழுதியிருந்தாய். செய்திருக்கிறேன். ஒரு சின்ன ஏற்பாடு. என்ன என்று இப்போது சொல்லமாட்டேன், சொன்னால் இவ்வளவுதானா என்று கத்துவாய். இனி எவனும் கடைக்கு வந்து உன் பேரைச் சொல்லிச் சத்தம் போடமாட்டான். அது மட்டும் நிச்சயம்.

டீச்சரம்மா திரும்ப வந்தார்களா?

உன் தம்பி

ஏப்ரல் 2

தம்பி,

உன் ஏற்பாட்டைக் கொண்டுபோய் உடைப்பில் போடு. வழக்குப் போட்டுவிட்டார்கள்.

கோர்ட் ஆள் சம்மனோடு வந்தார். சாவிக்காரர் மறுபடியும் மூக்கை நுழைத்து, "இதை வாங்கலைன்னா கேஸே நிக்காதுக்கா, என் மச்சானுக்கு அப்படித்தான் ஆச்சு" என்றார். எனக்கும் ஒரு நிமிஷம் சபலம்தான். அப்புறம் அவருடைய மச்சான் இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "வீட்டை எடுத்துக்கிட்டாங்க, மாமியார் வீட்டுல இருக்காரு" என்றார். உடனே வாங்கிவிட்டேன்.

இலவச சட்ட உதவி என்று கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. கூரை ஒழுகுகிறது. ஒரு சின்னப் பெண் வக்கீல், கோப்புகள் நனையாமல் இருக்க மேசை மேல் குடையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குக் குடை வக்கீல் என்று பேர் வைத்திருக்கிறேன். கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள், அதுவே பெரிசு.

"இந்த மாதிரி கேஸ்ல பாதிப் பேர் வரவே மாட்டாங்கம்மா. வராததாலேயே தோத்துப் போறாங்க. நீங்க வந்துட்டீங்க, பாதி வேலை முடிஞ்சுது" என்றாள். அப்புறம், "கடைசியா எப்ப பணம் கட்டுனீங்க?" என்று கேட்டாள்.

"நான் கட்டவே இல்லை. என் தம்பி கட்டிட்டு இருந்தான். நின்னு நாலு வருஷம் ஆச்சு."

அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீ! "நாலு வருஷமா? நிச்சயமா?" என்று இரண்டு தடவை கேட்டாள். கடைசியாகப் பணம் கட்டி மூன்று வருஷம் தாண்டிவிட்டால் வழக்குப் போட முடியாதாம். சட்டமே அப்படி இருக்கிறதாம். "அவங்க உங்க மேல போட்டிருக்கிறது செத்துப்போன கேஸும்மா. நீங்க பயந்து கோர்ட்டுக்கு வரமாட்டீங்கன்னு நம்பிப் போட்டிருக்காங்க" என்றாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. ஒழுகிற கூரையைக் காட்டிச் சமாளித்தேன்.

இப்போது நான் சொல்வதைக் காதில் நன்றாகப் போட்டுக்கொள். இனி ஒரு காசு யாரும் கட்டக் கூடாது. கட்டினால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுமாம், செத்த கேஸ் எழுந்து உட்காருமாம். என் சார்பில் பதில் மனு போட்டாயிற்று. "கடந்த நான்கு ஆண்டுகளாக என் பேரில் எந்தத் தொகையும் செலுத்தப்படவில்லை" என்று எழுதி, சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் சந்தோஷமாகப் போட்ட முதல் கையெழுத்து. மே 20 வாய்தா.

விரல் விஷயத்தை அப்போதே ஏன் சொல்லவில்லை? நான் என்ன ராட்சசியா? மருந்து ஏதாவது போடுகிறாயா? டீச்சரம்மா வரவில்லை. வேறு இடத்தில் கொடுக்கிறாளாம், அங்கே பொத்தானை உடைக்கிறார்களாம். உடையட்டும்.

ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. ரொம்ப சந்தோஷம். குடை வக்கீல் நன்றாக இருக்கட்டும்.

சும்மா ஒரு சந்தேகம். ஒருவேளை யாராவது, தெரியாமல்தான், கொஞ்சமாகக் கட்டியிருந்தால் என்ன ஆகும்? பெரிய தொகை எல்லாம் இல்லை. அதுவும் வழக்குப் போடுவதற்கு முன்னாலேயே கட்டியிருந்தால்? குடை வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறாயா? அவசரம் என்று இல்லை. வாய்தாவுக்கு முன்னால் கேட்டால் நல்லது.

கீழே ஒரு பத்தியை அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்க முயற்சி செய்யாதே. சின்ன வயதில் என் பரீட்சைத் தாளை அப்படித்தான் பிடித்துப் படிப்பாய்.

இந்த வாரம் உனக்கு நாலு தடவை போன் செய்தேன். நீ எடுக்கமாட்டாய் என்று தெரியும். எடுத்திருந்தால் இதையெல்லாம் இப்படிச் சுற்றி வளைத்து எழுதியிருக்கமாட்டேன்.

விரலுக்கு மருந்து இல்லை. பழகிவிட்டது.

உன் தம்பி

மே 17

தம்பி,

உன் சந்தேகமும் நீயும். யார் கட்டப்போகிறார்கள்? செத்துப்போன அப்பா வந்து கட்டுவாரா? குடை வக்கீலுக்கு இருக்கிற வேலையில் இதைப் போய்க் கேட்டால் என்னை லூசு என்று நினைப்பாள். கேட்கவில்லை.

அடித்த பத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. நல்லாத்தான் அடித்திருக்கிறாய்.

போன் வந்ததைப் பார்த்தேன். நாலு தடவையும் பக்கத்தில்தான் இருந்தேன். பிரஸ்ஸின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது அடித்து ஓயும் வரை நின்றேன். ஒரு தடவை தலையணை உறை ஒன்று தீய்ந்தேபோயிற்று, லாட்ஜுக்குப் புதிசு வாங்கிக் கொடுத்தேன். சொன்னது சொன்னதுதான். கேஸ் முடியட்டும். அப்புறம் யோசிக்கலாம்.

மூன்று நாளில் வாய்தா. நீலப் புடவையை நானே கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். அந்தக் கம்பெனி வக்கீல் முகத்தில் கரியைப் பூசிவிட்டு வந்து எழுதுகிறேன்.

மே 21

என்னடா பண்ணி வைத்திருக்கிறாய்?

நேற்று கோர்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேள். குடை வக்கீல் எழுந்து, இந்தக் கடன் காலம் கடந்தது, வழக்கே செல்லாது என்று அழகாகச் சொன்னாள். நீதிபதி தலையை ஆட்டினார். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு பெருமை. அப்போது எதிர் வக்கீல், அவசரமே இல்லாமல், ஒரே ஒரு தாளை எடுத்து நீட்டினான். நீதிபதி படித்தார். என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, நாலு வருஷமா ஒண்ணுமே கட்டலைன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கீங்களே?"

"ஆமாங்கய்யா."

"இது யார் பேரு?"

தாளைக் காட்டினார்கள். ரசீது. பிப்ரவரி 27. இனிஷியலோடு என் பேர், என் கணக்கு எண், தவணை வரவு.

"என் பேருதாங்கய்யா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"அப்ப பொய்ச் சத்தியமா?"

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். குடை வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உன் விரல் மேல் ஆணை, அந்தப் பார்வைக்கு அந்தத் தடியன்களே மேல். நானே அவளை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்துவிட்டாள். ரசீதின் கீழே சின்ன எழுத்தில் அது போட்ட கிளையின் முகவரி இருந்தது. உன் ஊர். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சின்ன ஏற்பாடு. சும்மா ஒரு சந்தேகம். அடித்த பத்தி.

கோர்ட்டில் உன் பேரை எடுக்கவில்லை. "ஞாபகம் இல்லைங்கய்யா" என்றேன். வயசான கிழவி மாதிரி. ஜூன் 30க்கு வாய்தா போட்டிருக்கிறார்கள். வெளியே வந்ததும் குடை வக்கீல், "நீங்க கட்டலைன்னா யார் கட்டுனது? அதை நிரூபிச்சா மட்டும்தான் தப்பிக்க முடியும்" என்றாள்.

சரி, கட்டினாய். முட்டாள்தனம். ஆனால் உன் பேரில் கட்டித் தொலைத்திருந்தால் அது உன்னோடு போயிருக்குமாம், என்னைத் தொட்டிருக்காதாம். என் பேரில் ஏன்டா போட்டாய்? ஏன்?

ஜூன் 10

அக்கா,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதனால் நடந்ததையே எழுதுகிறேன்.

உன் முதல் கடிதம் வந்த வாரம் சம்பளம் வந்தது. கடனை எடுத்த அந்தக் கம்பெனிக்கு இங்கேயும் ஒரு கிளை இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஒரு செல்போன் கடைக்கு மாடியில், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். டோக்கன் வாங்கி உட்கார்ந்தேன். என்னோடு இன்னும் ஏழெட்டுப் பேர். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை, எல்லோரும் தொலைக்காட்சியைப் பார்த்தோம், அது ஓடவே இல்லை.

கவுண்டரில் ஒரு பையன், ரொம்ப மரியாதையாகப் பேசினான். கணினியில் தேடினான். "ரெண்டு பேர் இருக்கீங்க சார். கடன் வாங்கினது நீங்க, ஜாமீன் ஒரு அம்மா. யார் பேர்ல வரவு வைக்கட்டும்?"

அக்கா, அந்த நேரத்தில் எனக்கு டீச்சரம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார்கள். உன் பேரைச் சொல்லிக் கடையில் கத்தினான்களே, அந்தப் பேர் கம்பெனிக் கணக்கில் பணம் கட்டின பேராக ஏறட்டும் என்று நினைத்தேன். என் பேர் கெட்டால் கெடட்டும், அது ஏற்கெனவே கெட்டதுதான். "அக்கா பேர்ல போடுங்க" என்றேன். பெருமையாகச் சொன்னேன் அக்கா. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் பெருமையாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

பையன் ரசீதைக் கொடுத்துவிட்டு, "தாங்க்ஸ் சார். இப்ப உங்க அக்கா கணக்கு உயிரோட இருக்கு" என்றான். நான் அதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

ஏப்ரலில் உன் கடிதம் வந்தபோதுதான் புரிந்தது. உடனே எழுதியிருக்கவேண்டும். எழுதினேன், அடித்தேன். நீ அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய். அழுததைக்கூட எழுதியிருந்தாய். அதன் மேல் தண்ணீர் ஊற்ற எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்தக் கடிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் குடை வக்கீலிடம் கொடு. பணம் கட்டியது நான், உனக்குத் தெரியாது, உன்னைக் கேட்கவில்லை. இதில் என் முகவரியும் இருக்கிறது. என்னைத் தேடி வரட்டும். என் வேலையைப் பற்றி யோசிக்காதே. கண்ணாடி அறையில் உட்கார்ந்து எண்ணாவிட்டால் நான் ஒன்றும் குறைந்துபோய்விடமாட்டேன்.

காட்டுவாயா?

தம்பி

ஜூன் 24

அக்கா,

உன் பதில் வரவில்லை. வந்து சேர நாளாகும் என்று தெரியும். ஆனாலும் உன்னை எனக்குத் தெரியாதா? நீ அந்தக் கடிதத்தைக் காட்டமாட்டாய். பைக்குள் வைத்துக்கொண்டு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று சாதிப்பாய்.

அதனால் நானே செய்துவிட்டேன். இங்கே ஒரு நோட்டரியிடம் போய், பணம் கட்டியது நான்தான், அக்காவுக்குத் தெரியாது, கடன் முழுவதும் என்னுடையது என்று வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விரல் மடங்காமல் கையெழுத்து கோணிக்கொண்டு போயிற்று, இது நீங்கள்தான் என்று யார் சொல்வது என்று கேட்டார். வேலை செய்யும் இடத்தில் சான்று வாங்கிவரச் சொன்னார். மேலாளரிடம் போனேன். அவர் வாக்குமூலத்தை முழுவதும் படித்தார். முத்திரை குத்தினார். நல்ல மனுஷர்தான். நேற்று ஒப்பந்தம் புதுப்பிக்கிறவர்கள் பட்டியலை ஒட்டினார்கள். என் பேர் இல்லை. ஆகஸ்ட் வரை இருக்கலாம், அதன் பிறகு இல்லை.

பரவாயில்லை. வாக்குமூலம் நம் ஊர் கோர்ட்டுக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டது. முப்பதாம் தேதிக்குள் வந்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். வந்ததும் உன் மெஷின் உன்னுடையது. நீ போய் நிம்மதியாக லாட்ஜ் விரிப்புகளைத் தேய்.

இதை மறுபடியும் உன்னைக் கேட்காமல் செய்திருக்கிறேன். கேட்டால் விடமாட்டாய். கேட்க வழியும் இல்லை.

தம்பி

ஜூலை 1

தம்பி,

எல்லாம் முடிந்தது. பதறாதே, முதலில் நல்லதைச் சொல்கிறேன். உன் வேலைக்கு ஒன்றும் ஆகாது.

நேற்று கோர்ட்டுக்குப் போனேன். உன் கடிதம் பைக்குள்தான் இருந்தது. குடை வக்கீல் வராந்தாவில் என்னை ஓரமாக அழைத்துப் போய், "உங்க தம்பிதான் கட்டியிருக்கணும். அவர் ஏதாவது எழுதியிருக்காரா? ஒரு துண்டுச் சீட்டு இருந்தாக்கூடப் போதும்மா, நான் பார்த்துக்கறேன்" என்றாள். கையை நீட்டிக்கொண்டே நின்றாள்.

"அவனா? அவன் எழுதற ஆளே இல்லம்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. என் பையைப் பார்த்தாள். நான் அதை இன்னொரு தோளுக்கு மாற்றினேன். பாவம், எனக்காக அந்த ஒழுகிற அறையில் எத்தனை நாள் உட்கார்ந்து எழுதினாள். அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பிறகு எதிர் வக்கீல் வந்தான். நாம் தோற்பது நிச்சயம் என்று தெரிந்தபிறகு பேரம் சீக்கிரம் முடிந்துவிடும் போலிருக்கிறது. வசூல் செலவைத் தள்ளிவிட்டான். மீதியை ஐந்து வருஷத் தவணையில் நான் கட்டவேண்டும். மெஷின் கடையிலேயே இருக்கும். ஒரு மாதம் தவறினாலும் ஜப்தி. சமரசம் என்று நீதிபதி முன்னால் கையெழுத்துப் போட்டேன். பொய்ச் சத்தியத்தைப் பற்றி அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. "இனிமே யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஐந்து வருஷம் என்பது ஒன்றும் பெரிசு இல்லை. காலையில் ஒரு மணி நேரம் முன்னால் கடையைத் திறந்தால் சரியாகிவிடும். இடுப்பு வலிதான், அது எப்போதும் இருப்பதுதானே. நீ ஆகஸ்டில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அந்தக் கண்ணாடி அறைக்குப் போய் உட்கார். இனி அந்தக் குளிருக்குள் போகாதே. முடிகிறபோது என் தவணைக்கு ஏதாவது அனுப்பு, முடியாவிட்டால் வேண்டாம்.

அனுப்பினால் எனக்கு அனுப்பு. அவனிடம் கட்டாதே!

ஜூலை 15

தம்பி,

உன் ஜூன் 24 கடிதம் இன்று வந்தது.

உன் வாக்குமூலம் அதற்கு முன்பே வந்துவிட்டது. நான் கையெழுத்துப் போட்ட இரண்டாம் நாள். குடை வக்கீல் கடைக்கே வந்துவிட்டாள், முதல் தடவையாக. பிரஸ் மேசை மேல் அதன் நகலை விரித்து வைத்தாள். கோணல் கையெழுத்து. மேலாளர் முத்திரை. நான் அப்போதே பயந்தேன், ஆனால் பட்டியலில் இருந்து உன் பேரை எடுத்துவிட்டார்கள் என்பது உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரியும்.

"இது ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா உங்க கேஸ் அன்னைக்கே தள்ளுபடிம்மா. இப்ப சமரசத்துல கையெழுத்துப் போட்டாச்சு, அதைத் திருப்ப முடியாது. இவரும் கடன் என்னுதுன்னு எழுதிக் கொடுத்துட்டாரு, அதையும் திருப்ப முடியாது. நீங்க ஒரு மாசம் தவறினா இனி அவர்கிட்டயும் போவாங்க" என்றாள். அப்புறம் தேய்த்து அடுக்கியிருந்த விரிப்புகளைப் பார்த்தாள்.

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கவே மாட்டீங்களா?"

நான் ஒரு தலையணை உறையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அவள்தான் சொன்னாள், ஏப்ரலிலேயே ரசீது விஷயம் தெரிந்திருந்தால், நாமே முதலில் எழுந்து நீதிபதியிடம் சொல்லியிருக்கலாமாம். தம்பி தெரியாமல் கட்டிவிட்டான் என்று சொல்லி, பதில் மனுவைத் திருத்திக் கொடுத்திருக்கலாமாம். பொய்ச் சத்தியம் என்ற பேச்சே வந்திருக்காதாம். ஏப்ரலில் யாராவது உங்களிடம் சொல்ல முயற்சி செய்தார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவளிடம் நான் சொன்ன கடைசிப் பொய் அதுவாக இருக்கட்டும்.

நாலு தடவை போன் அடித்தாய். நாலு தடவையும் நான் பக்கத்தில் நின்றேன். தலையணை உறை தீய்ந்து புகை வந்தபோதுகூடக் கையை நீட்டிப் போனை எடுக்கவில்லை. நீ என்னை ஏமாற்றினது எனக்குப் பெரிசாகப் போயிற்று. மூடியைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஜெயித்த மாதிரி நின்றேன் பார்.

வேலை போனது போகட்டும் என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை. அந்தக் கண்ணாடி அறையை நான் இத்தனை நாளும் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அதற்குள் கம்பளிச் சட்டை இல்லாமல் உட்கார்ந்திருப்பாய்.

முதல் தவணை கட்டியாயிற்று. ரசீது என் பேரில்தான்.

இதற்குப் பதில் எழுதாதே. கடிதம் போய்ச் சேரவே மூன்று வாரம் ஆகிறது, அதற்குள் நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறேன் என்று இன்னும் என்னென்ன செய்து வைப்போமோ. வேறு வேலை தேடினாலும், இங்கே வந்துவிடலாம் என்று நினைத்தாலும், எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும், அதற்கு முன்னால் எனக்குப் போன் செய். திட்டுவேன். முதல் அரை மணி நேரம் திட்டு மட்டும்தான் இருக்கும், காசை அதற்குத் தகுந்த மாதிரி போட்டுக்கொள்.

போனை பிரஸ் மேசை மேலேயே வைத்திருக்கிறேன். முதல் மணியிலேயே எடுப்பேன்.

உன் அக்கா